சில்லுப் பலகை பயிற்றும் ஆசான்



பிள்ளை ஒன்று முதன்முதலாகத் துவிச்சக்கரவண்டி பழகும் காட்சியைக் காணாதவர் இரார். நற்பிட்டிமுனையின் ஒழுங்கைகளிலே அது அஸருக்குப் பின்னர் நிகழும் காட்சி. வாப்பாவோ மூத்த காக்காவோ ஆசனத்தைப் பின்புறமாகப் பற்றிக்கொண்டு கூடவே ஓடுவார். “பிடிச்சிருக்கன் மகன், பயப்படாம மிதி” என்பார். சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார். பிள்ளையோ, கை இன்னும் ஆசனத்திலே இருக்கிறது என்ற எண்ணத்தில் பத்து யார் தூரம் தனியே சென்றுவிடும். அன்பின் பொருட்டுச் செய்யப்படும் இச்சிறு வஞ்சனையினாலேதான் உலகத்திற் பாதிப்பேர் துவிச்சக்கரவண்டி ஓட்டப் பழகியிருக்கிறார்கள்.

சில்லுப் பலகை பயிற்றும் ஆசானுக்கு அந்த வசதி கிடையாது. பின்னால் நின்று பற்றுவதற்கு அவருக்கு ஓர் ஆசனம் இல்லை. அவர் மாணவனுக்கு முன்னாலே நின்று, அவன் இரு கைகளையும் தம் கைகளால் ஏந்திப் பின்னோக்கி நடக்கிறார். கையை விடும்போது மாணவன் அதனைக் கண்ணாரக் காண்கிறான். ஆகவே ஏமாற்றிப் பழக்குதல் இத்தொழிலில் இயலாது. ‘இப்போது விடப்போகிறேன், நீ நிற்பாய்’ என்று சொல்லி, அச்சொல்லை அவன் நம்பச் செய்த பின்னரே விடல் வேண்டும். அந்த நம்பிக்கையை ஆசான் எவ்வாறு ஈட்டுகிறார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஸ்கேட்போர்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இப்பலகையின் அமைப்பு மிக எளியது. மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திய பலகை. நீளம் ஏறத்தாழ 32 அங்குலம், அகலம் 8 அங்குலம். முன்னும் பின்னும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். மேற்புறத்தில், கால் வழுக்காதிருக்க, மண்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டப்பட்டிருக்கும். கீழே இரண்டு உலோக அச்சுகள், நான்கு சில்லுகள், ஒவ்வொரு சில்லிலும் இரண்டு பெயாரிங்குகள். உட்துளை 8 மில்லிமீற்றர், வெளிவட்டம் 22 மில்லிமீற்றர் என்ற அளவுடைய அந்தப் பெயாரிங் வேறு பல இயந்திரங்களிலும் பயன்படுவதாகும். கைப்பிடி இல்லை, பிறேக்கும் இல்லை. திருப்புவதும் நிறுத்துவதும் உடம்பின் பாரத்தைச் சாய்ப்பதனாலும் காலைத் தரையில் உரசுவதனாலுமே நடைபெறும்.

இது கடலின் பிள்ளை என்று கூறுவது மிகையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலே அலைமேற் பலகையிட்டுச் சறுக்கி விளையாடியோர், கடல் அமைதியாயிருந்த நாட்களில் தரையிலும் அவ்வாறு செல்ல விரும்பி, பலகையின் அடியிற் சப்பாத்துச் சில்லுகளைப் பொருத்திக்கொண்டனர். அது 1950களை ஒட்டிய காலம். முதலில் இரும்புச் சில்லும் பின்னர் களிமண் கலவைச் சில்லும் இருந்தன. சிறு கல்லொன்று தடுத்தால் பலகை நின்றுவிடும், ஆள் பறந்துபோய் விழுவார். 1970களின் தொடக்கத்திலே பிராங்க் நாஸ்வர்தி என்பவர் யூரிதேன் என்னும் நெகிழ்ச்சியுள்ள பொருளாற் செய்த சில்லினைப் பலகையிற் பூட்டினார். அச்சில்லு தரையைக் கவ்விக்கொண்டது; கல்லின்மேலும் ஏறிச் சென்றது. ஓர் ஊர்ப் பையன்களின் வேடிக்கை உலகம் முழுவதற்குமான விளையாட்டாக மாறியது அச்சில்லினாலேதான்.

இனி, பாடம் எவ்வாறு தொடங்குகிறது என்று பார்ப்போம். நல்ல ஆசான் முதல் நாளிலே பலகையை ஓட விடுவதில்லை. புல்தரையிலோ தடித்த பாயின்மீதோ அதனை வைக்கிறார். அங்கே சில்லு உருளாது. மாணவன் ஏறி நிற்கவும் இறங்கவும் பழகுகிறான். அவனுக்கு இடக்கால் முன்னே நிற்பது இயல்பா, வலக்கால் முன்னே நிற்பது இயல்பா என்று அறிதல் வேண்டும். கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது; ஈரமில்லாத வழுவழுப்பான தரையிலே காலுறையோடு ஓடிவந்து சறுக்கச் சொன்னால் எந்தக் கால் முன்னே வருகிறதோ அதுவே விடை. எழுதும் கையை மாற்றக் கூடாதது போலவே இதனையும் ஆசான் மாற்ற முயலக் கூடாது. பிறகு முழங்காலை மடித்து நிற்றல். பிறகு கடினமான தரைக்கு வந்து, இரு கை, ஒரு கை, ஒரு விரல் என்று பிடியைப் படிப்படியாகக் குறைத்தல்.

விழுதலும் ஒரு பாடம். விழாமற் பழகியவர் எவரும் இத்துறையில் இல்லை. ஆதலால் விழும் முறையை முதலிலே கற்பிக்கிறார்கள். விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. அவ்வாறு ஊன்றும் கையிலேதான் மணிக்கட்டு முறிகிறது. புதிதாகப் பழகுவோருக்கு நேரும் முறிவுகளில் அதுவே மிகுதி. கையை மடித்துத் தோளால் உருண்டு விழுதல், முழங்காற் காப்பு அணிந்திருந்தால் அதன்மீதே சறுக்கி இறங்குதல், இவற்றைப் புல்லிலே பலமுறை செய்விக்கிறார்கள். தலைக்கவசம் இல்லாத பிள்ளையைப் பலகையில் ஏற்றும் ஒருவரை, அவர் எத்துணை வித்தை காட்டினாலும், ஆசான் என்று அழைத்தல் ஆகாது.

இவை யாவற்றினும் கடினமான பாடம் ஒன்று உண்டு. சாய்தளத்தின் உச்சியிலே நின்று கீழ்நோக்கி இறங்கும் முதல் இறக்கம் அது. பலகையின் வால் மேல்விளிம்பிலே ஊன்றியிருக்க, அதன் முன்பாதி வெறுவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். மாணவன் முன்காலைப் பலகையில் வைத்து, முழுப் பாரத்தையும் முன்னோக்கிப் போட்டு மிதித்தல் வேண்டும். கீழே பார்த்தவுடன் அச்சம் வருகிறது. அச்சம் உடம்பைப் பின்னோக்கி இழுக்கிறது. பின்னோக்கிச் சாய்ந்த கணமே பலகை முன்னே பாய்ந்துவிடும், மாணவன் முதுகடிபட விழுவான். அச்சத்தினால் விழுவதன்றித் துணிவினால் விழுவோர் இங்கே குறைவு. இதனை எத்தனை முறை வாயாற் சொன்னாலும் உடம்பு கேட்பதில்லை. ஆசான் சாய்தளத்தின் நடுவே நின்று இரு கைகளையும் நீட்டுகிறார். அக்கைகளை நோக்கிச் சாய்பவன் தானாகவே முன்னோக்கிச் சாய்ந்தவனாகிறான். பலகை தளத்தைத் தொடுகிறது, உருள்கிறது. கைகள் அங்கே இருந்ததே போதும். பலர் அவற்றைத் தொடுவதுகூட இல்லை.

மாணவனின் நம்பிக்கையை ஈட்டுதல் ஒன்று. அவனை அனுப்பும் உம்மா வாப்பாவின் நம்பிக்கையை ஈட்டுதல் மற்றொன்று. மாணவர் பெண்பிள்ளையாயின் ஊரின் நம்பிக்கையும் வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலை முதலாவதைக் காட்டிலும் அரியது. அதற்குச் சான்று தேடிக் காபூல் நகரம் வரை செல்ல வேண்டும்.

ஒலிவர் பெர்கோவிச் என்னும் அவுஸ்திரேலியர் 2007ஆம் ஆண்டிலே மூன்று சில்லுப் பலகைகளுடன் அந்நகருக்கு வந்தார். சோவியத் காலத்திலே கட்டப்பட்டு நீர் வற்றிப்போயிருந்த நீர்த்தொட்டி ஒன்றிலே அவர் உருண்டு திரிந்தார். தெருப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர், தமக்கும் தரும்படி கேட்டனர். கேட்டவர்களிற் சிறுமியரும் இருந்தனர். பெண்பிள்ளை துவிச்சக்கரவண்டி ஓட்டுவதே தகாதது என்று கருதப்பட்ட நகரம் அது. ஆனாற் சில்லுப் பலகையையோ எவரும் முன்னர் கண்டதில்லை. காணாத ஒன்றைப் பெண்களுக்கு ஆகாது என்று எவரும் விலக்கி வைத்திருக்கவுமில்லை. வழக்கம் என்னும் மதிலிலே ஒருவரும் கவனியாத சிறு வாயில் அது. அதன் வழியே சிறுமியர் உள்ளே வந்துவிட்டனர்.

ஆனால் வாயில் திறந்திருக்கிறது என்பதற்காக ஊரை மதியாது நுழைந்தவரல்லர் அவர். தெருவில் விளையாடும் வயதைக் கடந்த சிறுமியரைப் பெற்றோர் வெளியே அனுப்பார் என்பதை விரைவில் உணர்ந்துகொண்டார். ஆப்கானிஸ்தானின் ஒலிம்பிக் குழு நிலம் வழங்கிற்று. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கூரையிட்ட பயிற்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. ஸ்கேட்டிஸ்தான் என்பது அந்நிறுவனத்தின் பெயர். சிறுமியர்க்கு வேறு நாட்கள், சிறுவர்க்கு வேறு நாட்கள் ஒதுக்கப்பட்டன. சிறுமியர்க்குப் பெண்களே ஆசிரியைகள். பலகையோடு ஓவியமும் பாடமும் நடந்தன. பள்ளியை விட்டுவிட்ட பிள்ளைகள் மீண்டும் வகுப்பிற் சேர்வதற்கான படிப்பும் நடந்தது. பெற்றோர் அனுப்பியது பலகைக்காகவா, படிப்புக்காகவா என்று கேட்டால் படிப்புக்காக என்பதே பெரும்பாலோர் விடையாயிருந்திருக்கும். பிள்ளைகள் வந்தது எதற்காக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அயலூரான் ஒருவன் கற்பித்துக்கொண்டேயிருந்தால் அவன் போகும் நாளிலே பள்ளியும் போய்விடும். அந்நிறுவனம் செய்த நற்செயல், கற்ற பிள்ளைகளையே கற்பிப்போர் ஆக்கியதாகும். தெருவிலே சிறுபொருள் விற்றுக் குடும்பத்தைக் காத்துவந்த சிறுமி ஒருத்தி அங்கே பழகி, தேர்ச்சி பெற்று, தன்னிலும் இளைய சிறுமியரின் கைகளைப் பிடித்துப் பழக்கும் நிலைக்கு உயர்ந்தாள். 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி காபூலிலே நேட்டோப் படைத் தலைமையகத்தின் அருகே நிகழ்ந்த தற்கொலைக் குண்டு வெடிப்பிலே, வழக்கம்போலத் தெருவில் விற்றுக்கொண்டிருந்த அவளும், பள்ளியைச் சேர்ந்த வேறு பிள்ளைகளும் மாண்டனர். அவளுக்கு வயது 14. அப்பள்ளி மறுபடியும் திறந்து நடந்தது என்பதையும் அதே மூச்சிலே சொல்லத்தான் வேண்டும். அவளிடம் பழகிய சிறுமியர் தம் கைகளை யாரிடம் நீட்டியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே காபூலில் ஆட்சி மாறியது. சிறுமியரின் பயிற்சி நின்றது. அதற்குள் அந்நிறுவனம் கம்போடியாவின் நொம்பென் நகரிலும் தென்னாபிரிக்காவின் ஜொஹனஸ்பேர்க் நகரிலும் வேரூன்றியிருந்தது. காபூல் சிறுமியரைப் பற்றி கரொல் டைசிங்கர் எடுத்த குறும் ஆவணப்படம் 2020ஆம் ஆண்டிலே ஒஸ்கார் விருதையும் பிரித்தானியாவின் பாஃப்டா விருதையும் பெற்றது.

அந்தப் பாஃப்டா விருதுக்குப் போட்டியிட்ட படங்களின் பட்டியலிலே இன்னொரு சில்லுப் பலகைச் சிறுமியும் இருந்தாள் என்பது தமிழ் நேயர்கள் மகிழத்தக்க செய்தி. அவள் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தைச் சேர்ந்த கமலி. மீனவர் குப்பத்திற் பிறந்தவள். அவளுடைய தாய் கடற்கரையிலே மீன் பொரித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். வெறுங்காலோடு, வெண்ணிறச் சட்டையணிந்து, சாய்தளத்திலே அவள் இறங்கி வரும் நிழற்படம் ஒன்று இத்துறையின் பெருவீரராகிய டோனி ஹோக் அவர்களாற் பகிரப்பட்டு உலகெங்கும் சென்றது. சாஷா ரெயின்போ அவளையும் தாயையும் பற்றி எடுத்த படத்தின் பெயரும் ‘கமலி’ என்பதே. அப்படத்தில் உண்மையான போராட்டம் பலகையின்மேல் நடைபெறவில்லை. ‘நான் அடைபட்டுக் கிடந்ததுபோல் என் மகள் கிடக்க வேண்டாம்’ என்று எண்ணும் தாய் ஒருத்தியின் மனத்திலேதான் அது நடைபெறுகிறது. கமலி பின்னர் அலைச்சறுக்கிலே இந்திய அளவிலான போட்டிகளில் வெற்றி பெற்றாள். தரையிற் பழகிய கால் கடலிலும் நின்றது.

மத்தியப் பிரதேசத்திலே பன்னா மாவட்டத்தின் ஜன்வார் என்னும் சிற்றூரிலும் இதுபோன்ற முயற்சி ஒன்று நடந்தது. ஜேர்மன் நாட்டுப் பெண்மணியான உல்ரிக் ரைன்ஹார்ட் 2015ஆம் ஆண்டிலே அங்கே சீமெந்துத் தளம் ஒன்றை அமைத்தார். அவர் விதித்த விதிகள் இரண்டே: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். சாதி பார்த்து ஒதுங்கி நின்ற பிள்ளைகள் ஒரே பலகைக்காகக் காத்து நிற்கும் நிலை அதனால் உண்டாயிற்று. அவ்வூரின் பழங்குடிப் பெண்ணாகிய ஆஷா கோண்ட் 2018ஆம் ஆண்டிலே சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்று வந்தார்.

2021ஆம் ஆண்டு டோக்கியோவிலே இவ்விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக்கிலே இடம்பெற்றது. பெண்களுக்கான வீதிப் பிரிவிலே தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வென்ற பிரேசில் சிறுமி ரைசா லியலுக்கும் வயது 13. இச்செய்தியைக் காட்டிப் பெற்றோருக்கு ஆசை மூட்டும் ஆசான்களும் உண்டு. அது நேர்மையன்று. கோடியில் ஒரு பிள்ளைக்குக் கிட்டுவதைக் கூலியாகக் காட்டிப் பயிற்சிக் கட்டணம் வாங்குவது, ஆசனத்தைப் பிடித்திருப்பதாகச் சொல்லிக் கையை எடுத்துவிடும் வஞ்சனையினும் பெரிது; அன்பு அதற்குக் காரணமன்று.

வெகுதூரம் சென்றது போதும். அம்பாறைக் கரைக்கே திரும்பலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில் கடந்து தெற்கே சென்றாற் பொத்துவில். அதன் அருகே அறுகம்குடா. அலைச்சறுக்குப் பயிற்றுதல் அங்கே ஒரு பிழைப்பாகவே நிலைத்திருக்கிறது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் வருகின்றனர்; கற்பிப்போருக்கு வருவாய் உண்டு. வாடை தொடங்கியதும் வருவோர் குறைவர். வருவாயும் குறைந்துவிடும். மீனவனின் வாழ்வைப் போலவே அதுவும் பருவத்தை நம்பியது. 2018ஆம் ஆண்டிலே அவ்வூர்ப் பெண்கள் ஒன்றுகூடி, இலங்கையின் முதலாவது மகளிர் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கண்ட கரையிலே, மனைவியாகவும் தாயாகவும் இருந்துகொண்டே பெண்கள் பலகையுடன் கடலில் இறங்கினர். அவர்கள் முதலிற் கடக்க வேண்டியிருந்தது அலையை அன்று. கணவன், மாமி, அயலவர் ஆகியோரின் பேச்சையே.

நற்பிட்டிமுனையிலே சில்லுப் பலகை பயிற்ற ஒருவர் முன்வருவாராயின் அவருக்கு எதிர்ப்படும் தடைகளை எண்ணிப் பார்க்கலாம். முதலாவது தரை. இக்கரையின் ஒழுங்கைகளில் மணல் மிகுதி. மணல் பெயாரிங்கினுட் புகுந்தாற் சில்லு நின்றுவிடும். உப்புக்காற்றோ இரும்பை விரைவில் அரிக்கும். வழுவழுப்பான சீமெந்துத் தரை முப்பதடி நீளமேனும் வேண்டும். பாடசாலை மண்டபத்தின் தரை, அறுவடைக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கும் களஞ்சியத்தின் தரை, இவையே தொடக்கத்திற்குப் போதும். சாய்தளத்தை உள்ளூர்த் தச்சரே பலகையாற் செய்துவிடக் கூடும்; நெல்மூட்டை ஏற்றும் சாய்பலகையை அமைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய வித்தையன்று. பலகையையும் காப்புகளையும்தான் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். ஆளுக்கொன்று வேண்டியதில்லை. நால்வருக்கு ஒரு பலகை என்பது குறையன்று. காத்திருப்பவர் அடுத்தவர் கையைப் பிடிக்கப் பழகுகிறார்.

இரண்டாவது நேரம். குர்ஆன் மத்ரசாவும் பிரத்தியேக வகுப்பும் பிள்ளைகளின் மாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றோடு மோதும் ஆசான் தோற்பார்; தோற்பதே முறையும் ஆகும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வாரத்தில் இரு நாட்கள் கேட்டுப் பெறுபவர் நிலைப்பார். சிறுமியர் பழகுவதாயின் வேறு நாள், மறைவான இடம், பெண் ஆசிரியை ஆகிய மூன்றும் வேண்டும். இவை விட்டுக்கொடுப்பு என்று சிலர் நகைக்கக் கூடும். காபூலிலே இம்மூன்றும் இருந்தமையாலேதான் சிறுமியர் வந்தனர். முதற் பெண் ஆசிரியை எங்கிருந்து வருவார் என்பதே கடினமான வினா. ஒரு பெண் வெளியிலிருந்து வந்து ஓர் ஆண்டு தங்கிப் பழக்கினால், அடுத்த ஆண்டிற்கு ஊரிலேயே இருவர் இருப்பர்.

மூன்றாவது பிழைப்பு. சில்லுப் பலகை பயிற்றுவதை மட்டுமே நம்பிக் கிழக்குக் கரையிலே ஒருவர் குடும்பம் நடத்துதல் இன்றைய நிலையில் அரிது. உடற்கல்வி ஆசிரியரோ துவிச்சக்கரவண்டித் திருத்துநரோ தம் தொழிலோடு இதனையும் சேர்த்துச் செய்தல் பொருந்தும். திருத்துநருக்கு இன்னுமொரு தகுதி உண்டு: பெயாரிங்கின் மொழி அவருக்கு முன்னரே தெரியும்.

வெளிநாட்டு நன்கொடையைக் கொண்டு பெரிய சீமெந்துத் தளத்தை முதலிலே கட்டிவிட்டு ஆசானைப் பிறகு தேடுவோரும் உளர். இதனினும் பிழையான ஒழுங்கு வேறில்லை. ஆசான் இல்லாத தளத்திலே முதல் வாரம் கூட்டம் நிறையும். இரண்டாம் வாரம் ஒரு பிள்ளையின் கை முறியும். மூன்றாம் வாரம் அது நெல் காயப்போடும் களமாகிவிடும். நெல்லுக்கு அது நல்ல களம்தான். பிள்ளைகளுக்கோ அங்கே இடமில்லை. தளம் ஒன்றும் இல்லாமல், இரண்டு பலகையும் ஒரு பாயும் கொண்டு மண்டபத் தரையிலே தொடங்கிய ஆசானிடம் பத்துப் பிள்ளைகள் எஞ்சுவர். அவர்களுடைய வாப்பாமாரே பின்னர் தளத்திற்குச் சீமெந்து கேட்டு அலைவர்.

மாரி தொடங்கி, கிட்டங்கிப் பக்கத்து வயல்களிலே வெள்ளம் பரந்து, முற்றமும் வீதியும் நனைந்து கிடக்கும் நாட்களிலே பலகையை வெளியே எடுத்தல் ஆகாது. ஈரத்தில் மரத்தகடுகள் பிரியும், பெயாரிங் துருப்பிடிக்கும். அந்நாட்களிலே பிள்ளைகளை விறாந்தையில் வட்டமாக இருத்தி, சில்லுகளைக் கழற்றச் சொல்லி, பெயாரிங்குகளை மண்ணெண்ணெயிலே கழுவி, துணியாலே துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி எண்ணெய் விட்டுச் சுழற்றிக் காதோரம் வைத்துக் கேட்கப் பழக்கலாம். ஓசையின்றிச் சுழல்வதை வலப்பக்கமும், கறகறப்பதை இடப்பக்கமும் வைக்கச் சொல்வார் ஆசான். இடப்பக்கத்துக் குவியல் மறுபடியும் மண்ணெண்ணெய்க்குப் போகும்.